அயர்ன் மேனின் நிஜ வில்லன் யார்? கை மாறும் ஆயுதங்களின் கதை

ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணம். ராணுவ ஹம்வீ வண்டியில், கையில் மதுக் கோப்பையோடு, சுற்றி இருக்கும் வீரர்களிடம் ஜோக் அடித்துக்கொண்டே வருகிறார் டோனி ஸ்டார்க். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் தன் கம்பெனியின் புது ஏவுகணை ஒரு மலையையே அதிரவைத்ததை ராணுவ அதிகாரிகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்புகிறார்.

திடீரென்று தாக்குதல். முன்னால் போன வண்டி வெடிக்கிறது. டோனி இறங்கி ஓடி ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்குகிறார். சில அடி தூரத்தில் ஏதோ ஒன்று வந்து விழுகிறது. அதன் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கிறார்: ‘ஸ்டார்க் இண்டஸ்ட்ரீஸ்’. அவருடைய சொந்தக் கம்பெனியின் பெயர்! அடுத்த நொடி அது வெடிக்கிறது. சிதறிய உலோகத் துணுக்குகள் அவர் நெஞ்சுக்குள் பாய்கின்றன.

2008 மே மாதம் வெளியான ‘அயர்ன் மேன்’ படத்தின் தொடக்கக் காட்சி இது. மார்வெல் சினிமா உலகத்துக்கே பிள்ளையார் சுழி போட்ட படம். ராபர்ட் டௌனி ஜூனியரின் நக்கல், பறக்கும் சிவப்பு–தங்க நிறக் கவசம், ஏ.சி/டி.சி இசை என்று பலருக்கும் பல விஷயங்கள் நினைவில் இருக்கும். ஆனால் மொத்தக் கதையின் விதையும் அந்தப் பாறைக்குப் பின்னால் விழுந்த குண்டில்தான் இருக்கிறது. தீவிரவாதிகளுக்கு அந்த ஆயுதம் எப்படிக் கிடைத்தது?

அயர்ன் மேன் கதைகள் காமிக்ஸிலும் சினிமாவிலுமாக 60 வருடங்களுக்கு மேலாகச் சுற்றிச் சுற்றி வருவது இந்த ஒரு கேள்வியைத்தான். இதே கேள்வி நிஜ உலகத்திலும் இருக்கிறது. அங்கே பதில் சொல்ல ஹீரோ யாரும் பறந்து வருவதில்லை. (கீழே பல கதைகளின் முடிவுகள் வருகின்றன. படம் பார்க்காதவர்கள் உஷார்!)

ஆயுத வியாபாரியை ஏன் ஹீரோ ஆக்கினார்கள்?

அயர்ன் மேன் முதன்முதலில் தோன்றியது 1963 மார்ச் தேதியிட்ட ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ 39-வது இதழில். கதைக் கரு ஸ்டான் லீயுடையது. வசனம் அவர் தம்பி லாரி லீபர், ஓவியம் டான் ஹெக். முதல் கவசத்தை வடிவமைத்தவர் ஜாக் கிர்பி.

பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. போரையும் ராணுவத்தையும் வெறுத்த இளம் வாசகர்கள்தான் மார்வெலின் பலம். அப்படிப்பட்டவர்களிடம் ஒரு பணக்கார ஆயுத வியாபாரியைக் கொண்டுபோய், ‘இவரைப் பிடிக்க வைத்துக் காட்டுகிறேன்’ என்று தனக்குத்தானே ஒரு சவால் விட்டுக்கொண்டதாக ஸ்டான் லீ பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். டோனியின் மிடுக்குக்கும் பணத்துக்கும் மாடல், விமானத் தொழிலதிபர் ஹோவர்ட் ஹியூஸ்.

அந்த முதல் கதை நடக்கும் இடம் வியட்நாம். தான் தயாரித்த ஆயுதங்கள் களத்தில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கப் போன டோனி, கண்ணிவெடியில் சிக்கி எதிரிகளிடம் மாட்டுகிறார். இதயத்தை நோக்கி நகரும் உலோகத் துணுக்கு. ‘எங்களுக்கு ஆயுதம் செய்து கொடு’ என்று மிரட்டல். உடன் சிறைப்பட்ட பேராசிரியர் யின்சென் உதவியோடு, ஆயுதத்துக்குப் பதிலாகத் தன் உயிரைக் காக்கும் இரும்புக் கவசத்தை உருவாக்குகிறார். டோனி தப்பிக்க நேரம் வாங்கிக் கொடுப்பதற்காக யின்சென் தன் உயிரைக் கொடுக்கிறார்.

காலம் மாற மாற, போர்க்களமும் மாறியது. வியட்நாம் போய் ஆப்கானிஸ்தான் வந்தது. கதையின் எலும்புக்கூடு மட்டும் மாறவில்லை. ஆயுதம் செய்பவன், கடத்துபவன், குகை, யின்சென், கவசம்.

படத்தில் யின்சென் ஒரு முக்கியமான வேலையைச் செய்கிறார். தன் ஆயுதங்கள் அமெரிக்க ராணுவத்திடம் மட்டுமே இருக்கின்றன என்று நம்பிக்கொண்டிருந்த டோனியின் கண்ணைத் திறக்கிறார். குகைக்கு வெளியே அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் எல்லாம் ஸ்டார்க் முத்திரை. யின்செனின் சொந்த ஊரான குல்மீராவும் அதே ஆயுதங்களுக்கு இலக்காகப் போகிறது.

‘ஆர்மர் வார்ஸ்’: விற்ற பொருளைத் திருப்பி வாங்க முடியுமா?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்ட காமிக்ஸ், 1987–88இல் வெளியான ‘ஆர்மர் வார்ஸ்’. எழுதியவர்கள் டேவிட் மிஷலினி, பாப் லேட்டன்.

பிடிபட்ட ஒரு வில்லனின் கவசத்தைப் பிரித்துப் பார்க்கிறார் டோனி. உள்ளே இருப்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. யாரோ திருடி, போட்டிக் கம்பெனி முதலாளி ஜஸ்டின் ஹேமரிடம் விற்றிருக்கிறார்கள். ஹேமர் அதைப் பல பேருக்குக் கைமாற்றிவிட்டார். ‘அப்படின்னா இதுவரை இதை வைத்து எத்தனை பேரைக் கொன்றிருப்பார்கள்?’ இந்த எண்ணம் டோனியைத் தூங்க விடுவதில்லை.

சட்டத்தின் வழி மெதுவாகத்தான் போகும் என்பதால், தானே கிளம்புகிறார். கவசத்தில் ஒட்டினால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டைக் கருக்கிவிடும் ஒரு சின்னக் கருவியோடு ஒவ்வொருவராகத் தேடிப் போகிறார். முதலில் வில்லன்கள். படிக்கும் நமக்கும் ‘சபாஷ்’ என்று தோன்றும்.

பிறகுதான் சிக்கல். அதே தொழில்நுட்பம் அரசாங்கத்திடமும் இருக்கிறது. ஷீல்டு அமைப்பின் கவச வீரர்கள், சிறைக் காவலர்கள் என எல்லாரையும் தாக்குகிறார். நண்பன் கேப்டன் அமெரிக்காவுடனே மோதல். கடைசியில் சோவியத் யூனியனுக்கே போகிறார். அங்கே நடக்கும் சண்டையில், எதிரில் கவசம் அணிந்திருந்தவர் இறந்துபோகிறார். உயிர்களைக் காப்பாற்றக் கிளம்பியவரின் கையாலேயே ஒரு சாவு.

‘என் ஆயுதம், எனவே எங்கே இருந்தாலும் அதை அழிக்க எனக்கு உரிமை உண்டு’ என்பது டோனியின் வாதம். ‘அதை யார் முடிவு செய்வது?’ என்பது மற்றவர்களின் கேள்வி. கதை இரண்டு பக்கமும் நியாயத்தை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் ரசிகர்கள் இதைப் பேசுகிறார்கள். 2020 டிசம்பரில் டான் சீடில் நடிக்க இதே பெயரில் ஒரு தொடரை மார்வெல் அறிவித்தது. பிறகு அது திரைப்படத் திட்டமாக மாறியது.

‘எக்ஸ்ட்ரிமிஸ்’: ஆய்வகத்திலிருந்து தீவிரவாதி கைக்கு

2005–06இல் வாரன் எல்லிஸ் எழுதி, ஆடி கிரானோவ் வரைந்த ‘எக்ஸ்ட்ரிமிஸ்’ கதை அடுத்த கட்டம். 2008 படத்தின் கவச வடிவமைப்பில் பங்கெடுத்தவரும் இதே கிரானோவ்தான்.

மனித உடலை உள்ளிருந்தே மாற்றி எழுதும் ஒரு மருந்து. ராணுவத்துக்காக உருவாக்கியது. அது ஆய்வகத்திலிருந்து வெளியே போய், மாலன் என்ற உள்நாட்டு அமெரிக்கத் தீவிரவாதியின் உடம்பில் ஏறுகிறது. மாலன் ஹூஸ்டனில் உள்ள எஃப்.பி.ஐ அலுவலகத்துக்குள் நுழைந்து வெறும் கையாலேயே பலரைக் கொல்கிறான். அயர்ன் மேன் கவசத்தோடு எதிர்த்து நிற்கிறார். மாலன் கவசத்தையே கிழித்துவிடுகிறான். சாகக் கிடக்கும் டோனி, அதே மருந்தைத் தன் உடம்பிலும் ஏற்றிக்கொண்டுதான் திரும்பி வந்து ஜெயிக்கிறார்.

ட்விஸ்ட் கடைசியில். மருந்தை வெளியே விட்டது எதிரி நாட்டு உளவாளி இல்லை. அதை உருவாக்கிய விஞ்ஞானிகளே. டோனியின் பழைய தோழி மாயா ஹேன்சனுக்கும் அதில் பங்கு. காரணம்? ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த ராணுவப் பணம் நின்றுபோனது. மருந்து எவ்வளவு ஆபத்தானது என்று உலகத்துக்குக் காட்டிவிட்டால், பணம் திரும்ப வரும்!

இதே கதையில் ஒரு பத்திரிகையாளர் டோனியை உட்காரவைத்து, அவர் செய்த கண்ணிவெடிகளைப் பற்றிக் கேட்கும் காட்சி உண்டு. சண்டைக் காட்சிகளைவிட அந்தப் பேட்டிதான் கதையில் அதிகம் வலிக்கும் இடம்.

படங்களில் வில்லன்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

இப்போது படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். டோனியின் எதிரிகளில் பெரும்பாலானோர் அவர் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து வந்தவர்கள்.

முதல் படத்தில் ‘டென் ரிங்ஸ்’ தீவிரவாதிகளுக்குத் திருட்டுத்தனமாக ஆயுதம் விற்றது, டோனியின் அப்பா காலத்திலிருந்து கம்பெனியில் இருக்கும் ஒபதையா ஸ்டேன். டோனியைக் கொல்லச் சொல்லிப் பணம் கொடுத்ததும் அவரே. இன்னொரு கொடுமை: டோனி தப்பிக்கப் பயன்படுத்திய முதல் கவசம் பாலைவனத்தில் துண்டு துண்டாக விழுகிறது. தீவிரவாதிகள் அதைப் பொறுக்கிச் சேர்க்க, ஸ்டேன் அதைப் பறித்து, அதைவிடப் பெரிய கவசத்தைச் செய்துகொள்கிறார். ஆயுதத் தொழிலை விட்டுவிட்டேன் என்று அறிவித்த மனிதனின் முதல் தயாரிப்பே ஆயுதமாகக் கை மாறிவிட்டது!

‘அயர்ன் மேன் 2’ (2010) படத்தில் இவான் வாங்கோ. டோனியின் அப்பாவோடு வேலை பார்த்து, ஒதுக்கப்பட்டவரின் மகன். ‘அயர்ன் மேன் 3’ (2013) இன்னும் ஒரு படி மேலே போகிறது. டி.வி-யில் தோன்றி உலகத்தையே மிரட்டும் ‘மாண்டரின்’ என்ற தீவிரவாதித் தலைவன், உண்மையில் சம்பளத்துக்கு நடிக்கும் ஒரு குடிகார நடிகர். குண்டுவெடிப்புகள் என்று உலகம் நம்பியவை, எக்ஸ்ட்ரிமிஸ் மருந்து ஒத்துக்கொள்ளாமல் மனிதர்களே வெடித்துச் சிதறியவை. கம்பெனியின் தோல்வியை மறைக்க ஒரு தீவிரவாதியையே தயாரித்துவிட்டார் ஆல்ட்ரிச் கில்லியன். பயத்தையும் அவரே விற்பார், பாதுகாப்பையும் அவரே விற்பார்.

டோனி இறந்த பிறகு வந்த ‘ஸ்பைடர் மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்’ (2019) படத்திலும் இதே கதைதான். அவர் விட்டுச்சென்ற ட்ரோன் படையைக் கைப்பற்றுவது ஸ்டார்க் கம்பெனியின் முன்னாள் ஊழியர்கள். அதில் ஒருவர், 2008 படத்தில் ஸ்டேனிடம் திட்டு வாங்கும் அதே விஞ்ஞானி. 11 வருடம் கழித்து அதே நடிகரையே கூட்டிவந்திருந்தார்கள்.

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்பார்கள். அயர்ன் மேன் கதைகளில் எய்தவன் ஒருவன், அம்பு செய்தவன் இன்னொருவன், விற்றவன் மூன்றாமவன். பழியை யார் மேல் போடுவது என்பதுதான் ஒவ்வொரு படத்தின் சண்டையும்.

சரி, இதெல்லாம் கதைதானே?

குனார் மாகாணத்தைப் படக்குழு சும்மா தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைக்கத் தோன்றும். ஏனென்றால், ஆயுதம் கை மாறும் கதைக்கு ஆப்கானிஸ்தானைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம்.

1986இல், சோவியத் படைகளை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்களுக்கு அமெரிக்கா ‘ஸ்டிங்கர்’ ஏவுகணைகளைக் கொடுக்கத் தொடங்கியது. தோளில் வைத்துச் சுடலாம், ஹெலிகாப்டரை வீழ்த்தலாம். 2,000-க்கும் மேற்பட்டவை போய்ச் சேர்ந்தன. 1989 பிப்ரவரியில் சோவியத் படைகள் வெளியேறின. ஏவுகணைகள் அங்கேயே தங்கிவிட்டன. நாளைக்கு இது ஒரு பயணிகள் விமானத்தின் மேல் திரும்பினால்?

பயந்துபோன அமெரிக்கா, 1990-களில் தன் உளவுத்துறையான சி.ஐ.ஏ மூலம் அந்த ஏவுகணைகளைத் திருப்பி வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இலவசமாகக் கொடுத்ததை, தயாரிப்பு விலையைவிட அதிகம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டிய நிலை. அப்படியும் எல்லாம் திரும்பி வரவில்லை. டோனி ஸ்டார்க் காமிக்ஸில் செய்ததை, அமெரிக்கா டாலர் கட்டுகளோடு செய்து பார்த்தது என்று சொல்லலாம்.

அடுத்த தலைமுறையிலும் பாடம் மாறவில்லை. 2014 ஜூனில் ஐ.எஸ் அமைப்பு ஈராக்கின் மொசூல் நகரத்தைப் பிடித்தபோது, ஈராக் ராணுவத்துக்கு அமெரிக்கா கொடுத்த ஹம்வீ வண்டிகள் மட்டும் சுமார் 2,300 பறிபோனதாக பின்னர் ஈராக் பிரதமரான ஹைதர் அல்-அபாதி சொன்னார். 2021இல் அமெரிக்கப் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியபோது, ஆப்கன் ராணுவத்துக்குக் கொடுத்திருந்த சுமார் 700 கோடி டாலர் மதிப்புள்ள தளவாடங்கள் அங்கேயே விடப்பட்டன என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அறிக்கையே கணக்குச் சொன்னது.

ஆயுதம் எவ்வளவு வேகமாகக் கை மாறும்? ‘கான்ஃப்ளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வு அமைப்பு, 2014 முதல் 2017 வரை ஈராக், சிரியா களங்களில் ஐ.எஸ் விட்டுச்சென்ற 40,000-க்கும் மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்தது. வேலை ரொம்ப சாதாரணமானது. குண்டிலும் பெட்டியிலும் இருக்கும் வரிசை எண்ணைப் படிப்பது, தயாரித்த நாட்டுக்கு எழுதிக் கேட்பது, யாருக்கு விற்றீர்கள் என்று விசாரிப்பது. அப்படி அவர்கள் பின்தொடர்ந்த ஒரு டாங்கி எதிர்ப்பு ஆயுதம், ஐரோப்பிய ஒன்றிய நாட்டு ஆலையில் தயாராகி, அமெரிக்காவுக்கு விற்கப்பட்டு, சிரியாவில் ஒரு தரப்புக்குப் போய், அங்கிருந்து ஈராக்கில் ஐ.எஸ் கையில் கிடைத்திருந்தது. ஆலையை விட்டுக் கிளம்பி இந்தப் பயணம் முடிய ஆன காலம், இரண்டே மாதம்!

இங்கே ஸ்டேன் மாதிரி ஒரே ஒரு வில்லன் இல்லை. ஒவ்வொரு கையும் சட்டப்படி கையெழுத்துப் போட்டதாகவோ, நல்ல நோக்கத்தோடு கொடுத்ததாகவோ சொல்லிக்கொள்ளும். பொருள் மட்டும் போய்ச் சேர வேண்டாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கடையில் வாங்கிய ட்ரோன்

ஏவுகணையையாவது பூட்டி வைக்கலாம். கல்யாண வீட்டில் வீடியோ எடுக்கும் ட்ரோனை என்ன செய்வது?

2016 அக்டோபரில், வடக்கு ஈராக்கில் ஐ.எஸ் அனுப்பிய ஒரு சின்ன ட்ரோனைக் குர்திஷ் பெஷ்மெர்கா வீரர்கள் கைப்பற்றினார்கள். பரிசோதிக்க எடுத்தபோது, உள்ளே மறைத்து வைத்திருந்த வெடிபொருள் வெடித்து இரண்டு பேர் உயிரிழந்தார்கள். மொசூல் சண்டையில் இது தினசரி விஷயமானது. கடையில் கிடைக்கும் நான்கு இறக்கை ட்ரோனில் சின்னச் சின்ன மாற்றம் செய்து, கையெறி குண்டு அளவிலான வெடிகுண்டுகளை மேலிருந்து போட்டார்கள்.

உலகின் மிகப் பெரிய ட்ரோன் நிறுவனமான டி.ஜே.ஐ, 2017இல் ஈராக், சிரியாவின் பல பகுதிகளில் தன் ட்ரோன்கள் பறக்க முடியாதபடி மென்பொருளில் தடை போட்டது. டோனி பிரஸ் மீட் வைத்து ஆயுதத் தொழிலை மூடியதற்கு நிஜ உலகில் நெருக்கமான காட்சி. ஆனால் தடையை உடைக்கத் தெரிந்தவர்களும், உதிரி பாகங்களை வாங்கித் தாங்களே ட்ரோன் செய்யத் தெரிந்தவர்களும் இருக்கும்வரை இது முழுத் தீர்வாகாது.

இந்தியாவும் இதைப் பார்த்துவிட்டது. 2021 ஜூன் 27 அதிகாலை, ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது ட்ரோன்கள் மூலம் இரண்டு குண்டுகள் போடப்பட்டன. நாட்டின் ராணுவத் தளம் ஒன்றின் மீது நடந்த முதல் ட்ரோன் தாக்குதல் அது.

இப்படி ஒரே பொருள் வீட்டுக்கும் உதவும், போருக்கும் உதவும் என்றால் அதை ‘இரட்டைப் பயன்பாட்டுத் தொழில்நுட்பம்’ என்கிறார்கள். இவற்றின் ஏற்றுமதியைக் கண்காணிக்க 1996இல் ‘வாசனார் உடன்பாடு’ வந்தது. 2017 டிசம்பரில் இந்தியாவும் அதில் 42-வது நாடாகச் சேர்ந்தது. ஆனால் இது நாடுகள் தாங்களாக ஒத்துக்கொண்டு நடக்கும் ஏற்பாடு. மீறினால் தண்டனை இல்லை.

நிஜமாகவே அந்த சூட்டைச் செய்ய முடியுமா?

அமெரிக்க ராணுவம் உண்மையிலேயே முயன்றது. 2013இல் அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தளபதி வில்லியம் மெக்ரேவன் ‘டேலோஸ்’ என்ற திட்டத்தை அறிவித்தார். கிரேக்கப் புராணத்தில் கிரீட் தீவைக் காத்த வெண்கல ராட்சதனின் பெயர் அது. ஆப்கானிஸ்தானில் பணயக்கைதி ஒருவரை மீட்கப் போனபோது, முதல் ஆளாகக் கதவு வழியே நுழைந்த வீரர் ஒருவர் சுடப்பட்டு இறந்ததுதான் தூண்டுதல். அடுத்து அந்தக் கதவைத் திறப்பவருக்குக் குண்டு துளைக்காத கவசம், சுமையைத் தாங்கும் இயந்திர எலும்புக்கூடு, கண்ணெதிரே தகவல் காட்டும் ஹெல்மெட் எல்லாம் வேண்டும். 2014இல் அதிபர் ஒபாமாவே ‘நாங்கள் அயர்ன் மேனைச் செய்கிறோம்’ என்று ஜோக் அடித்தார்.

2019இல் திட்டம் மூடப்பட்டது. முழு சூட் வரவே இல்லை. சில தனித்தனிக் கருவிகள்தான் மிஞ்சின. முக்கியச் சிக்கல், எடையும் மின்சாரமும். உடம்பு முழுக்கக் கவசம் என்றால் எடை கூடும். எடையைத் தூக்க மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு பேட்டரி வேண்டும். பேட்டரி இன்னும் எடையைக் கூட்டும். உள்ளங்கை அளவு ‘ஆர்க் ரியாக்டர்’ கதையில் மட்டும்தான் இருக்கிறது.

ஆனால் பேட்டரியைவிடப் பெரிய கற்பனை ஒன்று அந்தப் படத்தில் இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை.

குல்மீராவும் காபூலும்

படத்தில் ரசிகர்கள் அதிகம் கைதட்டிய காட்சி குல்மீரா. தன் ஆயுதங்களால் யின்செனின் ஊர் அழிவதை டி.வி-யில் பார்க்கும் டோனி, புதுக் கவசத்தோடு பறந்து போய் இறங்குகிறார். தீவிரவாதிகள் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துத் துப்பாக்கி முனையில் நிறுத்துகிறார்கள். டோனி கையை இறக்குகிறார். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் திரை ஒரே நொடியில் யார் அப்பாவி, யார் தீவிரவாதி என்று பிரித்துக் காட்டுகிறது. தோளிலிருந்து சின்னக் குண்டுகள் பாய்கின்றன. தீவிரவாதிகள் மட்டும் சாய்கிறார்கள். ஒரு குழந்தைக்குக்கூடக் கீறல் இல்லை.

2021 ஆகஸ்ட் 29, காபூல். மூன்று நாள்களுக்கு முன்புதான் விமான நிலையத்தில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் 13 அமெரிக்க வீரர்களும் ஏராளமான ஆப்கானியர்களும் இறந்திருந்தார்கள். அடுத்த தாக்குதல் எந்த நேரமும் வரலாம் என்ற பதற்றம். ஒரு வெள்ளை டொயோட்டா காரை அமெரிக்க ட்ரோன் கேமராக்கள் சுமார் 8 மணி நேரம் பின்தொடர்ந்தன. காரில் ஏற்றப்பட்டவை வெடிபொருள் என்று முடிவு செய்தார்கள். வீட்டு வாசலில் கார் நின்றபோது ஏவுகணை பாய்ந்தது.

காரை ஓட்டி வந்தவர் ஒரு உதவி நிறுவன ஊழியர். ஏற்றப்பட்டவை தண்ணீர்க் கேன்கள். இறந்த 10 பேருமே பொதுமக்கள். அதில் 7 பேர் குழந்தைகள். முதலில் சரியான தாக்குதல் என்று சொன்ன அமெரிக்க ராணுவம், செப்டம்பர் 17இல் தவறு நடந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. டிசம்பரில், யார் மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்றும் அறிவித்தது.

குல்மீரா திரையில் டோனிக்கு ஒரு நொடியில் கிடைத்த பதில், நிஜத்தில் 8 மணி நேரம் பார்த்தும் கிடைக்கவில்லை. கேமரா துல்லியமாகத்தான் இருந்தது. ஏவுகணையும் குறி தவறவில்லை. எதை அடிக்க வேண்டும் என்ற முடிவுதான் தவறு. எந்த ஆர்க் ரியாக்டரும் சரிசெய்ய முடியாத இடம் அது.

‘அயர்ன் மேன்’ படத்தின் சில காட்சிகள் அமெரிக்க விமானப்படை ஒத்துழைப்போடு கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்திலேயே படமாக்கப்பட்டன. ஆயுதம் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்ட படம், சரியான கையில் இருக்கும்போதே அது தவறினால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி மார்வெல் படங்களில் நேரடியாக வர ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ (2016) வரை ஆனது. அதில் ஒரு தாய், சண்டையில் இறந்த தன் மகனின் போட்டோவை டோனியின் நெஞ்சில் அழுத்திவைத்துவிட்டுப் போகிறார். டோனியிடம் அதற்குப் பதில் இல்லை.

கோட் எழுதுபவர்களுக்கு இதில் என்ன வேலை?

ட்ரோன் எடுக்கும் வீடியோவில் இருப்பது காரா, மனிதரா என்று செயற்கை நுண்ணறிவு மூலம் அடையாளம் காட்டுவதற்காக, 2017இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ‘ப்ராஜெக்ட் மேவன்’ திட்டத்தைத் தொடங்கியது. அயர்ன் மேன் ஹெல்மெட் திரையின் ஆரம்பப் பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். கூகுள் அதில் பங்கெடுப்பது 2018இல் வெளியே தெரிந்ததும், ஆயிரக்கணக்கான கூகுள் ஊழியர்கள் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் வேலையையே விட்டார்கள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கூகுள் அறிவித்தது. ஆயுதங்களுக்காகச் செயற்கை நுண்ணறிவை உருவாக்க மாட்டோம் என்ற உறுதிமொழியையும் வெளியிட்டது. டோனியின் பிரஸ் மீட் போலவே இருந்தது. ஆனால் மேவன் நின்றுவிடவில்லை. வேறு நிறுவனங்களோடு தொடர்ந்தது. 2025 பிப்ரவரியில் அந்த உறுதிமொழி வரியை கூகுளும் தன் கொள்கையிலிருந்து எடுத்துவிட்டது. எதிரி நாடுகள் இதைச் செய்யும்போது ஜனநாயக நாடுகள் பின்தங்கிவிடக் கூடாது என்பது ஒரு தரப்பு வாதம். அது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதமும் இல்லை. ஆனால் ஸ்டிங்கர் ஏவுகணைகளைக் கொடுத்தபோதும் இதே மாதிரியான நியாயம்தான் சொல்லப்பட்டது.

டோனி ஸ்டார்க்குக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. தன் பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத் தன் கண்ணாலேயே படிக்க முடிந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்தது சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகள் அவரை மாற்றிவிட்டன. ஆலையில் திருகு முடுக்குபவருக்கும், சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்து எங்கோ ஓடப்போகும் மென்பொருளின் ஒரு மூலையை மட்டும் எழுதுபவருக்கும் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

அதனால்தான் மொசூலின் இடிபாடுகளில் குனிந்து, துருப்பிடித்த பெட்டிகளில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டவர்களின் வேலை முக்கியமாகிறது. அவர்களிடம் கவசமும் இல்லை, பறக்கவும் தெரியாது. ‘இது யாருடையது, இங்கே எப்படி வந்தது?’ என்று மட்டும் கேட்டார்கள். பாறைக்குப் பின்னால் படுத்திருந்த டோனியும், வெடிப்பதற்கு முன் கேட்க நினைத்தது அதைத்தான்.